கடைமடை வரிசைக்கும் எட்ட வேண்டும்: சார்ட்டுக்குத் தரவைத் தேர்ந்தெடுக்க எந்த வழி?

எங்கள் டெல்டா பக்கம் ஜூன் நெருங்கிவிட்டால் காலைச் செய்தித்தாளில் கண் முதலில் போவது மேட்டூர் அணை நிலவரத்துக்குத்தான். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி), வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. நான்கே எண்கள். சில வருஷங்களாக அவற்றை எக்ஸெல் தாளில் ஏற்றி வருகிறேன். ஏ நெடுவரிசையில் தேதி, பி-யில் நீர்மட்டம், சி-யில் இருப்பு, டி-யில் வரத்து, ஈ-யில் திறப்பு.

எண்களை ஏற்றுவது ஒரு நிமிஷ வேலை. அவற்றிலிருந்து பார்க்கும்படியான ஒரு சார்ட் எடுப்பதில்தான் சிக்கல். முதன்முதலாக மொத்த அட்டவணையையும் மவுஸால் இழுத்துப் பிடித்துக் கோட்டுச் சார்ட் போட்டேன். வரத்தும் திறப்பும் மலைபோல் ஏறி இறங்கின. நீர்மட்டமும் இருப்பும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. யோசித்துப் பார்த்தால் அது சரிதான். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., முழு உயரம் 120 அடி. இந்த இரண்டும் அந்த எண்களைத் தாண்டப் போவதில்லை. வரத்தோ ஆயிரக்கணக்கில் ஓடும், வெள்ளக் காலத்தில் லட்சத்தைத் தாண்டும். லட்சத்துக்குப் பக்கத்தில் 120-ஐ வைத்தால் அது எங்கே தெரியும்? எக்ஸெல் தப்பு செய்யவில்லை. நான் எதைக் கொடுத்தேனோ அதை வரைந்தது.

அன்றிலிருந்து சார்ட்டின் வகை, நிறம் ஆகியவற்றைவிட, எந்தச் செல்களை எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்பதில்தான் என் கவனம் போனது. பல வழிகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரு சுற்று முயன்று பார்த்திருக்கிறேன். நேரமில்லாதவர்களுக்கு என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வளராத அட்டவணை என்றால் சும்மா இழுத்துப் பிடியுங்கள், போதும். தினமும் வளரும் அட்டவணை என்றால் எக்ஸெல்லில் அதை டேபிளாக மாற்றிவிடுங்கள். தேர்ந்தெடுப்பதற்கே வித்தை தேவைப்படுகிறது என்றால் வித்தையை விட்டுவிட்டு, சார்ட்டுக்கென்று தனித் தாள் ஒன்று போடுங்கள். எந்த வழி எங்கே காலை வாரும் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

வளராத அட்டவணை

இதற்கு நல்ல உதாரணம் காவிரிப் பங்கீட்டு அட்டவணை. நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் கொடுத்த இறுதித் தீர்ப்பில், கர்நாடகம் ஜூன் முதல் மே வரை தமிழகத்துக்கு மாதாமாதம் விட வேண்டிய தண்ணீர் குறிக்கப்பட்டது. ஆண்டு மொத்தம் 192 டி.எம்.சி. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அதை 177.25 ஆகக் குறைத்தது. அளவிடும் இடம் பிலிகுண்டுலு. அதன்படி ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76, அக்டோபருக்கு 20.22, நவம்பருக்கு 13.78, டிசம்பருக்கு 7.35, ஜனவரிக்கு 2.76. பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5. முந்தைய தீர்ப்பில் அதே வரிசையில் 10, 34, 50, 40, 22, 15, 8, 3, அப்புறம் நான்கு மாதங்களுக்கும் 2.5.

மாதம், 2007 கணக்கு, 2018 கணக்கு என்று மூன்று நெடுவரிசை. தலைப்பு ஒன்று, மாதங்கள் பன்னிரண்டு, அடியில் மொத்தம் என ஒரு வரிசை. இதற்கு இரண்டு வழிதான் போட்டி. ஒன்று, ஏதாவது ஒரு செல்லில் நின்றுகொண்டு ஆல்ட் கீயோடு எஃப்1-ஐ அழுத்துவது. மற்றொன்று, தலைப்பிலிருந்து மே மாதம் வரை நாமே இழுத்துப் பிடிப்பது.

முதல் வழி வேகமானது. நாம் நிற்கும் செல்லிலிருந்து நான்கு பக்கமும் காலி வரிசையோ காலி நெடுவரிசையோ குறுக்கிடும் வரை எக்ஸெல் தானே அட்டவணையின் எல்லையை ஊகித்துக்கொள்ளும். ஆனால் மொத்தம் எது, மாதம் எது என்று அதற்குத் தெரியாது. மொத்த வரிசையும் சார்ட்டுக்குள் வந்துவிடும். ஆகஸ்டின் 45.95 பக்கத்தில் 177.25 என்று ஒரு தூண் எழுந்து நின்றால், கோடை மாதங்களின் 2.5 கண்ணுக்கே தெரியாது. மொத்தத்துக்கு முன்னால் ஒரு காலி வரிசை விட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அட்டவணைக்கு அடியிலேயே ஒட்டிக்கொண்டு ‘குறிப்பு: டி.எம்.சி. கணக்கில்’ என்று எழுதும் பழக்கமுள்ளவர்களுக்கும் இதே மருந்துதான்.

இரண்டாவது வழியில், அதாவது இழுத்துப் பிடிப்பதில், நாம் கவனிக்க வேண்டியது தலைப்பு வரிசையை விட்டுவிடாமல் சேர்த்துப் பிடிக்கிறோமா என்பது. விட்டால் சார்ட்டில் கோடுகளுக்குப் பெயர் இருக்காது, ‘சீரிஸ் 1’, ‘சீரிஸ் 2’ என்று நிற்கும். சார்ட்டைப் பார்க்கும் மாமாவுக்கு எது 2007, எது 2018 என்று யார் சொல்வது?

தலைப்பிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்த அட்டவணையில் முதல் நெடுவரிசை மாதப் பெயர், அதாவது எழுத்து. அதனால் எக்ஸெல் அதைச் சரியாக அடி அச்சில் வைத்துவிடும். முதல் நெடுவரிசையில் 2018, 2019, 2020 என்று ஆண்டுகள் இருந்தால் கதையே வேறு. அவையும் எண்கள்தானே! ‘ஆண்டு’ என்ற தலைப்போடு பிடித்துக் கொடுத்தால், அதையும் ஒரு அளவாக நினைத்து இரண்டாயிரம் உயரத்தில் தூண்களை நட்டுவிடும். இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. இடது மேல் மூலைச் செல்லைக் காலியாக விட்டுவிட்டுச் சார்ட் போடுங்கள், முதல் நெடுவரிசை அச்சுக்கானது என்று எக்ஸெல் புரிந்துகொள்ளும். சார்ட் வந்த பிறகு ‘ஆண்டு’ என்று எழுதிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் லிப்ரே ஆபீஸ் கால்க்கை எனக்குப் பிடிக்கும். அது ஊகத்தோடு நிற்காது. முதல் வரிசை தலைப்பா, முதல் நெடுவரிசை பெயரா, தொடர்கள் நெடுவரிசையில் இருக்கின்றனவா வரிசையில் இருக்கின்றனவா என்று வெளிப்படையாகக் கேட்டு, டிக் போட வைக்கும். கூகுள் ஷீட்ஸிலும் சார்ட் எடிட்டரில் இதே கேள்விகள் டிக் கட்டங்களாக இருக்கின்றன, என்ன, கீழே உருட்டித் தேட வேண்டும்.

வரிசையா நெடுவரிசையா என்பதில் எக்ஸெல்லுக்கு ஒரு கணக்கு உண்டு. எது எண்ணிக்கையில் அதிகமோ அதை அடி அச்சில் வைக்கும். பன்னிரண்டு மாதம், இரண்டு தீர்ப்பு என்றால் மாதங்கள் அச்சுக்குப் போகும், நல்லது. ஆனால் ஜூன் 3-ஆம் தேதி ஆர்வக்கோளாறில் புது வருஷச் சார்ட் போட்டால்? வரிசை மூன்று, நெடுவரிசை நான்கு. நீர்மட்டம், இருப்பு, வரத்து, திறப்பு ஆகிய நான்கும் அச்சில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒவ்வொரு தேதியும் ஒரு கோடாகிவிடும். வரிசையையும் நெடுவரிசையையும் மாற்றிப் போடும் பொத்தான் ஒன்று இருக்கிறது, ஒரே அழுத்தில் சரியாகிவிடும். காரணம் தெரியாவிட்டால்தான் அரை மணி நேரம் போகும்.

பக்கத்தில் இல்லாத நெடுவரிசைகள்

தேதியும் வரத்தும் மட்டும் வேண்டும். நடுவில் நீர்மட்டமும் இருப்பும் குறுக்கே நிற்கின்றன. என்ன செய்யலாம்?

எல்லாரும் சொல்வது கன்ட்ரோல் கீயை. ஏ நெடுவரிசையை இழுத்துப் பிடித்து, கன்ட்ரோலை அழுத்திக்கொண்டே டி நெடுவரிசையையும் இழுப்பது. மேக் கணினியில் கமாண்ட் கீ. ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மறந்துவிடும் சார்ட்டுக்கு இது போதும். ஆனால் இரண்டும் ஒரே வரிசையில் தொடங்கி ஒரே வரிசையில் முடிய வேண்டும். முந்நூறு வரிசை இழுக்கும்போது கை ஒரு வரிசை தவறினால், கடைசித் தேதி இருக்கும், அதற்கான அளவு இருக்காது. மேலே ஒரு வரிசை தவறினால் இன்னும் மோசம். எல்லா அளவும் ஒரு நாள் தள்ளி உட்கார்ந்துவிடும், பார்த்தால் தெரியவும் தெரியாது. கூகுள் ஷீட்ஸில் இரண்டாவது எல்லையைத் தனியாகச் சேர்க்கலாம். சேர்த்த பிறகு, அவற்றைப் பக்கவாட்டில் இணைப்பதா, ஒன்றன்கீழ் ஒன்றாக இணைப்பதா என்பதைப் பாருங்கள். நமக்கு வேண்டியது பக்கவாட்டு. கால்க்கில் இரண்டு எல்லைக்கும் நடுவே அரைப்புள்ளி போட்டால் ஆயிற்று.

இரண்டாவது வழி, வேண்டாத நெடுவரிசைகளை மறைத்துவிட்டு மொத்தமாக இழுப்பது. எக்ஸெல் வழக்கமாக மறைந்திருக்கும் செல்களை வரையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாளைக்கு யாராவது நீர்மட்டத்தைப் பார்க்க அந்த நெடுவரிசையைத் திறந்தால், சார்ட்டிலும் அது குதித்துக்கொண்டு வந்துவிடும். நான் இதைச் செய்வதில்லை. இதே குணத்தை ஃபில்டரோடு பயன்படுத்தினால் மட்டும் அருமை. அக்டோபர் மாதத்தை மட்டும் ஃபில்டர் செய்தால் சார்ட்டும் அக்டோபரை மட்டும் காட்டும்.

மூன்றாவது வழியைச் சோம்பேறி வழி என்று சொல்வேன், ஆனால் எனக்குப் பிடித்தது. எல்லாவற்றையும் சேர்த்து வரைந்துவிட்டு, வேண்டாத கோட்டைச் சார்ட்டிலேயே கிளிக் செய்து டிலீட் அடிப்பது. தாளில் இருக்கும் தரவுக்கு ஒன்றும் ஆகாது. வரிசை தவறும் ஆபத்தும் கிடையாது, ஏனென்றால் முதலில் பிடித்தது ஒரே துண்டு. இரண்டு மூன்று நெடுவரிசைதான் கழிக்க வேண்டும் என்றால் கன்ட்ரோல் வித்தையைவிட இதுவே மேல்.

கையோடு, அளவுகள் பொருந்தாத சிக்கலையும் இங்கேயே முடித்துவிடலாம். நீர்மட்டத்துக்கு ஒரு அச்சு, வரத்துக்கு வலது பக்கம் இன்னொரு அச்சு என்று வைக்கலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். எந்தக் கோடு எந்தப் பக்க எண்ணுக்கு என்று ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருப்பதால் எனக்கு அது ஒத்துவரவில்லை. அதற்குப் பதில் எஃப் என்று ஒரு நெடுவரிசை சேர்த்தேன். விநாடிக்கு இத்தனை கன அடி என்பதை 86,400 ஆல் பெருக்கி 100 கோடியால் வகுத்தால் ஒரு நாளைக்கு வந்த டி.எம்.சி. கிடைக்கும். நாள் முழுக்க 11,574 கன அடி வந்தால் ஒரு டி.எம்.சி. என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அதை ஜூன் 1 முதல் கூட்டிக்கொண்டே வந்தால், வந்த தண்ணீரும் இருப்பும் ஒரே அலகில் ஒரே அச்சில் நிற்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழம்பிய இடத்தில், தாளில் ஒரு நெடுவரிசை சேர்த்ததும் குழப்பமே போய்விட்டது.

புள்ளிச் சார்ட்டுக்கு, அதாவது ஒரு எண்ணை இன்னொரு எண்ணோடு ஒப்பிடும் வகைக்கு, விதி வேறு. அங்கே இடது நெடுவரிசை கிடை அச்சுக்கும், வலது நெடுவரிசை நிமிர் அச்சுக்கும் போகும். தேதியை விட்டுவிட்டு பி, சி இரண்டையும் மட்டும் பிடித்தால் நீர்மட்டத்துக்கும் இருப்புக்கும் உள்ள உறவு வளைகோடாக வரும். ஒருமுறை போட்டுப் பாருங்கள். 100 அடியில் இருப்பு சுமார் 65 டி.எம்.சி.தான். மீதி 20 அடியில் கிட்டத்தட்ட 28 டி.எம்.சி. அடங்கிவிடுகிறது. மேலே போகப் போக அணை விரிந்துகொண்டு போவதால், 110 அடியில் ஒரு அடி ஏறுவதும் 50 அடியில் ஒரு அடி ஏறுவதும் ஒன்றல்ல. செய்தித்தாளில் ‘ஒரே நாளில் ஒரு அடி உயர்ந்தது’ என்று படிக்கும்போதெல்லாம் எந்த மட்டத்திலிருந்து என்று இப்போது தேடத் தொடங்கியிருக்கிறேன்.

வளரும் அட்டவணை: கடைமடைச் சிக்கல்

ஆற்றில் தண்ணீர் விட்டாலும் கடைமடைக்கு எட்டவில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் சொல்லும் குறை. சார்ட்டிலும் அதேதான் நடக்கும். ஏ1 முதல் ஈ31 வரை பிடித்துச் சார்ட் போட்டால், 32-ஆம் வரிசையில் ஏற்றிய இன்றைய எண் சார்ட்டுக்கு எட்டாது. நடுவில் வரிசை செருகினால் எல்லை தானே விரியும், கடைசிக்கு அடியில் சேர்த்தால் விரியாது. தாள் வளரும், சார்ட் பழைய இடத்திலேயே நிற்கும். அதுவும் எந்த எச்சரிக்கையும் கொடுக்காது.

இதற்கு ஐந்து தீர்வு பார்த்திருக்கிறேன்.

சார்ட்டைக் கிளிக் செய்தால் தாளில் அதற்கான செல்களைச் சுற்றி நிறக் கோடுகள் தெரியும். மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லை நீளும். மாதம் ஒருமுறை புதுப்பிக்கும் கணக்குக்குச் சரி. தினமும் செய்ய வேண்டும் என்றால் ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

அடுத்தது பாட்டன் காலத்து வழி. அட்டவணையின் கடைசியில் ஒரு காலி வரிசைக்குச் சாம்பல் நிறம் அடித்து, அதையும் சேர்த்துச் சார்ட்டுக்குப் பிடித்துவிடுவது. புது எண் வரும்போது அந்தச் சாம்பல் வரிசைக்கு மேலே ஒரு வரிசை செருகி எழுத வேண்டும். நடுவில் செருகியதாகக் கணக்காவதால் எல்லை விரிந்துகொண்டே போகும். வயல் வரப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வரப்புக்கு உள்ளே நட்டது எல்லாம் நம் கணக்கு. எந்த மென்பொருளிலும் வேலை செய்யும், யாருக்கும் ஒரு நிமிஷத்தில் சொல்லிக்கொடுக்கலாம். கால்க் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, தாராளமாக முன்கூட்டியே 366 வரிசை வரை பிடித்து வைத்துவிடுவது. நீராண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிவதால் எத்தனை வரிசை என்பது முன்பே தெரியும், அதனால் என் கணக்குக்கு இது பொருந்தவே செய்தது. வருஷம் முழுக்க அச்சு ஒரே நீளத்தில் இருப்பதில் ஒரு வசதியும் உண்டு, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்வையிலேயே தெரியும். ஆனால் அதற்குத் தேதிகளை முன்பே நிரப்பி வைத்து, மற்ற செல்களை உண்மையிலேயே காலியாக விட வேண்டும். நான் எஃப் நெடுவரிசையின் சூத்திரத்தை மே 31 வரை முன்கூட்டியே இழுத்து வைத்திருந்தேன். காலிச் செல்லை 86,400 ஆல் பெருக்கினால் என்ன வரும்? பூஜ்யம். கூட்டுத்தொகை அதற்கு மேல் ஏறாமல், ஆகஸ்டு நடுவிலிருந்து மே வரை கோடு அப்படியே தட்டையாகக் கிடந்தது. ஆற்றில் வெள்ளம் ஓடும்போது என் சார்ட்டில் மட்டும் சொட்டு வரத்து இல்லை.

நான்காவது, எக்ஸெல்லின் டேபிள். அட்டவணைக்குள் நின்று கன்ட்ரோலோடு ‘டேபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை அழுத்தினால் போதும். அதன் பிறகு கடைசி வரிசைக்கு அடியில் எதை எழுதினாலும் டேபிள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும், சார்ட்டும் கூடவே நீளும், எஃப் நெடுவரிசையின் சூத்திரமும் தானே இறங்கும். முன்கூட்டியே இழுத்து வைக்கும் வேலை இல்லாததால் பூஜ்யத் தொல்லையும் இல்லை. 2007 பதிப்பிலிருந்து இந்த வடிவில் இருக்கிறது. இருந்தும் இன்னும் பாதிப் பேர் இதைத் தொடுவதே இல்லை. வரிசைக்கு வரிசை நிறம் மாறி வருவதைப் பார்த்து, இது வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். நிறம் பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம், டேபிள் டேபிளாகவே இருக்கும்.

இதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. தலைப்பு ஒரே வரிசைதான். ‘நீர்’ என்று மேலே ஒரு பெரிய செல்லாக இணைத்து, அடியில் ‘வரத்து’, ‘திறப்பு’ என்று இரண்டாகப் பிரிக்கும் அலுவலக பாணி இங்கே ஆகாது. இரண்டு நெடுவரிசைக்கு ஒரே பெயரும் கூடாது. அட்டவணைக்கு நேர் அடியில் மொத்தம் எழுதும் பழக்கத்தையும் விட வேண்டும், எழுதினால் அதுவும் ஒரு நாள் கணக்காக உள்ளே போய்விடும். டேபிளுக்கே மொத்த வரிசை ஒன்று உண்டு, அதை இயக்கிக்கொண்டால் சார்ட்டுக்குள் வராது.

ஐந்தாவது, ஆஃப்செட், கவுன்ட்ஏ என்ற இரண்டு சூத்திரங்களை வைத்துத் தானே நீளும் பெயரிட்ட எல்லை ஒன்றை உருவாக்கி, அந்தப் பெயரைச் சார்ட்டுக்குக் கொடுப்பது. டேபிள் வருவதற்கு முன்னால் கை தேர்ந்தவர்களின் வழி இதுதான். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துச் செய்தேன். பெயருக்கு முன்னால் கோப்பின் பெயரையோ தாளின் பெயரையோ சேர்த்து எழுத வேண்டும் என்பது தெரியாமலே பாதி நாள் போயிற்று. பிறகு இன்னொரு சங்கதி. பொங்கலுக்கு மறுநாள் செய்தித்தாள் வரவில்லை, வரத்துச் செல்லைக் காலியாக விட்டேன். கவுன்ட்ஏ நிரம்பிய செல்களை மட்டும் எண்ணும். ஒரு செல் காலியானதும் எண்ணிக்கை ஒன்று குறைந்து, கடைசி நாள் சார்ட்டிலிருந்து உதிர்ந்துவிட்டது. அளவுகளை எண்ணாமல் தேதி நெடுவரிசையை எண்ணச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது. கற்றுக்கொள்ள நல்ல பயிற்சி என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கோப்பை நாளைக்கு வேறொருவர் திறந்து புரிந்துகொள்ள வேண்டுமே! இன்று தொடங்குகிறவருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

பிடித்தது சரி, உள்ளே இருப்பது?

எல்லையைச் சரியாகப் பிடித்தும் சார்ட் கோணலாக வந்தால், செல்களுக்குள் பாருங்கள். செய்தித்தாள் வராத நாளுக்கு ஒரு சிறு கோடு போட்டு வைப்பது கணக்கு நோட்டுப் பழக்கம். எக்ஸெல்லுக்கு அது எழுத்து. எழுத்தைக் கோட்டுச் சார்ட்டில் பூஜ்யமாகத்தான் வரையும். காலியாக விட்டால் கோட்டில் இடைவெளி தெரியும், அதுதான் நேர்மை. ‘12,500 கன அடி’ என்று அலகையும் சேர்த்துச் செல்லில் எழுதினாலும் அது எழுத்தாகிவிடும். அலகு தலைப்பில் இருக்கட்டும்.

தேதி இன்னும் பொல்லாதது. ஒரு புதுக் கணினியில் தேதி அமைப்பு அமெரிக்க முறையில், மாதம் முதலில் வரும்படி இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஆண்டோடு சேர்த்து 1/06 என்று எழுதியது ஜனவரி 6 ஆனது, 2/06 பிப்ரவரி 6. இப்படியே போய், அணை வழக்கமாகத் திறக்கும் நாளான ஜூன் 12 டிசம்பர் 6 ஆகப் பதிவானது. சார்ட்டைத் திறந்தால் பன்னிரண்டு நாள் கணக்கு ஒரு முழு வருஷக் கோடாக நீண்டு கிடக்கிறது! பதின்மூன்றாம் மாதம் கிடையாதே, அதனால் அடுத்த நாள் எழுதியது தேதியாகாமல் வெறும் எழுத்தாகச் செல்லின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த இடது ஓரம்தான் என்னைக் காப்பாற்றியது. தேதியும் எண்ணும் தானாக வலது பக்கம் ஒதுங்கும், எழுத்து இடது பக்கம். சார்ட் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு நெடுவரிசையையும் எந்த ஓரத்தில் நிற்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது.

தனித் தாள்

கடைசி முப்பது நாள் மட்டும் வேண்டும், இந்த வருஷத்தையும் போன வருஷத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் ஆசை வரும்போது மேலே சொன்ன எதுவும் நேராக உதவாது. இரண்டு வருஷ ஒப்பீட்டுக்கு ஜூன் 1, ஜூன் 2 என்று நாள் இடது பக்கமும், ஒவ்வொரு வருஷம் ஒரு நெடுவரிசையாகவும் இருக்க வேண்டும். நான் ஏற்றும் தாளோ நாள் கீழ் நாளாக ஒரே நீளமாகப் போகிறது. ஏற்றுவதற்கு வசதியான வடிவம் வேறு, வரைவதற்கு வசதியான வடிவம் வேறு.

அதனால் ‘சார்ட்’ என்றே பெயர் வைத்து இன்னொரு தாள் போட்டேன். ஏற்றும் தாளிலிருந்து வேண்டியதைச் சூத்திரங்கள் அங்கே எடுத்து வரும். வரிசை முப்பது, அதற்கு மேல் இல்லை. சார்ட் அந்த முப்பதையும் நிரந்தரமாகப் பிடித்திருக்கும், உள்ளே எண்கள்தான் மாறும். பக்கத்தில் இல்லாத நெடுவரிசை, மொத்த வரிசை, மறைந்த நெடுவரிசை என்று எந்தக் கவலையும் இல்லை. வேண்டியதை வேண்டிய வரிசையில் அடுக்கி, சும்மா இழுத்துப் பிடித்தால் தீர்ந்தது. கூகுள் ஷீட்ஸில் ஃபில்டர் அல்லது க்வெரி என்ற சூத்திரம் ஒன்றே இதைச் செய்துவிடும். புது எக்ஸெல்லிலும் ஃபில்டர், டேக் இரண்டும் இருக்கின்றன. ஒன்றே ஒன்று கவனம்: காலிச் செல்லைச் சூத்திரம் எடுத்து வந்தால் அது பூஜ்யமாக வந்து நிற்கும். காலியாக இருந்தால் ‘என்ஏ’ பிழையைக் கொடு என்று சூத்திரத்திலேயே சொல்லிவிட்டால், தாளில் பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சார்ட் அதைத் தரையில் இறக்காது.

மாதச் சராசரி, மாத மொத்தம் மட்டும் போதும் என்பவர்களுக்குப் பிவட் சார்ட் இருக்கிறது. டேபிளிலிருந்து அதை எடுத்தால் எல்லையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். புது எண் ஏற்றிய பிறகு புதுப்பிக்கும் பொத்தானை அழுத்த மறக்கக் கூடாது, புள்ளிச் சார்ட் அதில் வராது. நான் அதிகம் பயன்படுத்துவதில்லை, தினசரி ஏற்ற இறக்கம்தான் எனக்கு வேண்டியது.

ஜூன் 1 வந்தால் புது நீராண்டு, புதுத் தாள். சார்ட்டும் தரவும் ஒரே தாளில் இருந்தால், தாளையே மொத்தமாக நகலெடுங்கள். நகலில் உள்ள சார்ட் நகலில் உள்ள செல்களையே பிடித்துக்கொள்ளும், பழைய எண்களை அழித்துவிட்டுத் தொடங்கலாம். சார்ட்டை மட்டும் காப்பி செய்து புதுத் தாளில் ஒட்டினால் அது பழைய தாளையே பார்த்துக்கொண்டிருக்கும். என்னைப் போல் ஏற்றும் தாள் வேறு, சார்ட் தாள் வேறு என்று பிரித்தவர்கள் புதுச் சார்ட் தாளின் சூத்திரம் எந்தத் தாளின் பெயரைச் சொல்கிறது என்று ஒருமுறை கிளிக் செய்து பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் விட்ட வருஷத்தில், ஜூன் இரண்டாம் வாரம் வரை போன மே மாதத்து நீர்மட்டத்தைத்தான் வீட்டில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.